பினாங்கு மலையில் மின்சைக்கிள்: கூட்டாளிகளோடு ஏறி இறங்க முழுமையான வழிகாட்டி

பினாங்குத் தீவின் பாலிக் புலாவுக்கு மேலே டுரியான் தோட்டங்களுக்குள் நுழையும் சிமெண்டுப் பாதைகள், கூடை கட்டிய மோட்டார் சைக்கிள்கள் பழம் இறக்குவதற்காகப் போட்டவை. அகலம் ஒரு மீட்டர் சொச்சம். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் சரிவு. சாதாரண மவுண்டன் பைக்கில் போகிறவர் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவார். ஒரு வகையில் அதுதான் அவருக்குக் காவல். பலம் இல்லாதவர் உயரத்துக்குப் போவதே இல்லை. மின்சைக்கிள் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. மூன்று மாதம் முன்பு சைக்கிள் வாங்கியவரையும் மோட்டார் நாற்பது நிமிடத்தில் மேலே கொண்டு போய் நிறுத்திவிடும். ஆனால் கீழே இறக்கிவிட அதற்குத் தெரியாது.

அதனால் திட்டத்தை இறக்கத்திலிருந்து போடுங்கள். கூட்டத்தில் அனுபவம் குறைந்தவர் எந்தப் பாதையில் பயமில்லாமல் இறங்குவாரோ, அதுதான் அன்றைய பாதை. எந்த ஏற்றம், எத்தனை மணிக்கு, எங்கே பசியாறுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகச் சேர்ந்த கூட்டம் முதலில் போக வேண்டியது பாலிக் புலாவின் சமவெளி. சுங்கை பூரோங், புலாவ் பெத்தோங் பக்கம் வயல் வரப்பை ஒட்டிய சிறு சாலைகளில் 20 கிலோமீட்டர் சுற்றினாலே வண்டியின் எடை, பிரேக்கின் கடி, மோட்டார் உதவியின் ஒவ்வொரு அளவும், அதாவது மோடும், எப்படி இழுக்கிறது என்பது கைக்கும் காலுக்கும் பிடிபட்டுவிடும். இதைத் தாண்டிக் குதித்து நேராக மலைக்குப் போகிறவர்கள்தான் முதல் வளைவிலேயே லோங்காங்கில், அதாவது சாலையோரக் கால்வாயில், இறங்குகிறார்கள்.

இரண்டாவது படி, தெலுக் பாஹாங்கிலிருந்து அணைக்கட்டைத் தாண்டி பாலிக் புலாவுக்கு வரும் மலைச் சாலை. நல்ல தார், வளைவுக்கு மேல் வளைவு, நடுவில் தித்தி கெராவாங் அருவி. ஏற்றம் நீளமாக இருந்தாலும் செங்குத்து இல்லை. பேட்டரிக் கணக்கைப் பழக இதைவிட நல்ல சாலை தீவில் கிடைக்காது. இங்கே கவலை காடிகளும் (கார்களும்) வேகமாக வளைவு வெட்டும் மோட்டார் சைக்கிள்களும்தான். பின் விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், மேலே போகும் ஜீப் பாதை. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதன் அடிவாரத்தைப் பார்த்திருப்பார்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்குள் 650 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சராசரியாக 13 சதவீதத்துக்கு மேல் சாய்வு, சில வளைவுகளில் 20 சதவீதத்தையும் தாண்டும். மலைத்தொடரின் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர். இந்த மலையும் சுற்றுக் காடுகளும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. விடியற்காலையிலிருந்தே நடைக்காரர்கள் பாதை நிறைய ஏறி இறங்குவார்கள். இறங்கும்போது அவர்களைத் தாண்ட மணி அடித்துக்கொண்டு நடை வேகத்துக்கு வர வேண்டும். அது முடியாதவர்கள் இந்தப் பாதைக்கு வரவே வேண்டாம். 2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையில் பல இடங்கள் சரிந்தன. பலத்த மழை பெய்த வாரத்தில் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

கடைசிப் படிதான் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கும் பாலிக் புலாவுக்கும் நடுவில் இருக்கும் தோட்டச் சிமெண்டுப் பாதைகளும் மண் தடங்களும். ஆசைப்படும்படியான இடம்தான். ஆனால் பாதி நிலம் தனியாருடையது. நிரந்தர ஒதுக்கீட்டுக் காட்டுக்குள் நுழைய 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனத்துறை பெர்மிட் வேண்டும். தோட்டத்தில் ஆள் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "அங்கிள், போலே லாலு?" (இந்த வழியாகப் போகலாமா?) என்று கேளுங்கள். பெரும்பாலும் தலையசைப்பார்கள். கேட்காமல் போன ஒரு கூட்டத்தால், அடுத்த வாரம் வரும் எல்லோருக்கும் கேட்டில் சங்கிலி தொங்கும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரிய டுரியான் பருவம். அந்த மாதங்களில் தோட்டப் பாதைகளை மறந்துவிடுங்கள். திருட்டுக்குப் பயந்து காவல் இருப்பார்கள், நாய் அவிழ்த்துவிட்டிருக்கும், வலை கட்டியிருக்கும். இதெல்லாம் போக, இரண்டு கிலோ முள் உருண்டை இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் சைக்கிள் ஹெல்மெட்டை இதுவரை யாரும் செய்யவில்லை.

வண்டியில் பார்க்க வேண்டியவை

மலைக்கு வேண்டியது நடு மோட்டார் வண்டி, அதாவது மிதியச்சில் மோட்டார் இருப்பது. போஷ் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 போன்றவை 85 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தரும், மிதித்தால் மட்டுமே இழுக்கும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திவிடும். பின் சக்கர ஹப் மோட்டார் பட்டணத்துக்குச் சரி. நீண்ட செங்குத்து ஏற்றத்தில் அதன் சுழற்சி குறைந்து, மின்சாரம் சூடாக மாறி, மோட்டார் தானே படுத்துவிடும். நடு மோட்டார் உங்கள் கியர் வழியாக இழுப்பதால் சரியான கியரில் அதற்கு வசதியான சுற்றிலேயே இருக்கும். த்ராட்டில் வைத்த வண்டிகள் இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம். ஈரச் சிமெண்டில் கட்டைவிரல் ஒரு தடவை தவறினால் போதும், பின் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும்.

எடை 22 முதல் 25 கிலோ. பிரேக் டிஸ்க் இரண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன் காலிப்பர். இதில் சமரசம் வேண்டாம். முன்பக்கம் 180 மட்டும் உள்ள வண்டியைத் தெலுக் பாஹாங் சாலையில் ஓட்டலாம், ஜீப் பாதையில் இறக்காதீர்கள். பிரேக் பேடில் ரெசின் வகை சத்தம் போடாது, ஆனால் செம்மண் சேற்றில் சோப்பு மாதிரிக் கரையும். நம் மழைக்கு மெட்டல் வகைதான். டிஸ்க் அதற்குத் தகுந்ததா என்று டிஸ்க்கிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். புதுப் பேட் போட்டால் சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நடை வேகம் வரை இருபது தடவை அழுத்திப் பழக்கிய பிறகே மலை.

டயர் 2.4 அல்லது 2.5 அங்குலம், ட்யூப்லெஸ். காற்றழுத்தம் 75 கிலோ ஆளுக்கு முன்னே 22 பிஎஸ்ஐ, பின்னே 25. 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டிலும் 3 கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் ஒரு டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் சீலண்ட் இல்லை.

பேட்டரிக் கணக்கு

வண்டித் திரை காட்டும் 'இன்னும் 62 கிலோமீட்டர்' என்ற எண்ணை நம்பி ஏறியவர்கள்தான் இருட்டும்போது தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அந்த எண் கடைசியாக ஓட்டிய சில கிலோமீட்டரை வைத்துச் சொல்லும் ஊகம். சமவெளியில் ஓட்டிவிட்டு மலையடிவாரத்துக்கு வந்தால் அதற்கு மலை தெரியாது. கணக்கைத் தூரத்தில் போடாமல் ஏறும் உயரத்தில் போடுங்கள்.

ஆள் 75 கிலோ, வண்டி 24, தண்ணீரும் பையும் 4, மொத்தம் 103 கிலோ. இதை 100 மீட்டர் உயரம் தூக்க வேண்டிய ஆற்றல் 28 வாட்-அவர். அதில் பாதியோ கால்வாசியோ உங்கள் கால் தரும், மீதி மோட்டார். எந்த மோடில் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே சொல்கிறார். போஷ் சிஎக்ஸில் ஈக்கோ உங்கள் பலத்துக்கு மேல் 60 சதவீதம் சேர்க்கும், டூர் 140, டர்போ 340. மோட்டாரில் சூடாகப் போகும் நாலில் ஒரு பங்கையும், டயர் உருளும் உராய்வையும், நின்று நின்று கிளம்பும் வீணையும் சேர்த்தால், 100 மீட்டர் ஏற பேட்டரியிலிருந்து போவது ஈக்கோவில் 16, டூரில் 26, டர்போவில் 34 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளலாம். சமதரையில் டூர் மோடில் கிலோமீட்டருக்கு 5.

அன்றைய பாதையில் மொத்த ஏற்றம் 900 மீட்டர், சமதரை 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். பேட்டரி 500 வாட்-அவர். அவசரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் கையில் இருப்பது 400. முழுக்க டர்போவில் ஏறினால் 306-உம் 100-உம் சேர்ந்து 406. கயிற்றின் நுனியில் நிற்கிறீர்கள். டூரில் ஏறினால் 334, நிம்மதி. இப்போது அதே வண்டியில் 95 கிலோ கூட்டாளி ஏறுகிறார். மொத்த எடை 123, அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூட. அவருடைய டர்போக் கணக்கு 467. அவசரத்துக்கு ஒதுக்கியதில் பாதிக்கு மேல் தின்றுவிடுவார்.

ஆக, கூட்டத்தில் யாருக்குப் பேட்டரி சிறிது, யாருக்கு எடை பெரிது என்று பார்த்து, அவர் கணக்கில்தான் எல்லோரும் ஓட்ட வேண்டும். இதை முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் பேசி முடியுங்கள். "தம்பி, நீ டூரைத் தாண்டாதே" என்று அடிவாரத்தில் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். முந்தின நாள் கணக்கோடு சொன்னால் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வார்கள்.

வெளியூர்க் கூட்டாளி பினாங்குக்கு எப்படி வரலாம் என்பதையும் பேட்டரிதான் முடிவு செய்கிறது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-அவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரி ஏற்ற விடமாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்தோ கோத்தா கினபாலுவிலிருந்தோ வரும் கூட்டாளி தன் பேட்டரியைக் கொண்டுவர முடியாது. கோலாலம்பூரிலிருந்து காடியில் ஏற்றி வருவதுதான் வழி. பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை. பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து சைக்கிளிலேயே வருகிறவர்கள் ஃபெரி பிடிக்கலாம். காடியின் பின் ரேக்கில் மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிக் காடிக்குள் வையுங்கள். வண்டிக்கு மூன்று கிலோ குறையும். ஆனால் வெயிலில் பூட்டிய காடியில் விட்டுவிட்டுப் பசியாறப் போகாதீர்கள்.

முந்தின நாள் மாலை

கிளம்பும் காலையில் கண்டுபிடிக்கும் பழுதுக்குக் கடை திறந்திருக்காது. மாலையிலேயே இந்த வரிசையில் பாருங்கள்.

1. பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். 4 ஆம்பியர் சார்ஜரில் 500 வாட்-அவர் நிரம்ப நாலரை மணி நேரம் ஆகும்.

2. பேடின் உராய்வுப் பகுதியைப் பின்தகட்டைச் சேர்க்காமல் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மலை கிடையாது, மாற்றுங்கள்.

3. செயின் தேய்மானத்தை அளக்கும் கேஜை வையுங்கள். 12 ஸ்பீடுக்கு 0.5 காட்டினால் செயின் மாற்ற வேண்டும். மோட்டாரின் இழுப்பையும் சேர்த்துச் செயின்தான் சுமக்கிறது. இதைத் தள்ளிப்போட்டால் பின் சக்கரப் பல்சக்கரக் கேசட்டும் சேர்ந்து போகும், செலவு நாலைந்து மடங்கு.

4. ஹேண்டில்பார் ஸ்டெம் போல்ட்டுகளில் எழுதியிருக்கும் அளவுக்கே முறுக்குங்கள், பொதுவாக 5 நியூட்டன் மீட்டர். கை பலத்தில் முறுக்கிக் கார்பன் பாரை நசுக்கியவர்கள் நிறைய.

5. பின் சக்கரக் காந்தம் இடம் மாறவில்லையே என்று பாருங்கள். ஸ்போக்கில் மாட்டிய சிறு காந்தம் கொஞ்சம் நழுவினாலே வேகம் தெரியாமல் மோட்டார் உதவியை நிறுத்திவிடும். போஷில் 503 என்ற எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

6. வண்டியில் உட்கார்ந்து ஷாக் எவ்வளவு அமுங்குகிறது (சாக் அளவு) என்று பாருங்கள். மொத்த நீளத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் சரி.

பையில் ஒருவருக்கு ஒன்று: இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு உப்புக் கரைசல் பாக்கெட் அல்லது 100 பிளஸ் பானம், முழுவிரல் கையுறை, மெல்லிய மழைச்சட்டை, கொசு மருந்து, பின் கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர். கூட்டத்துக்கு ஒன்று: டி25 உட்பட எல்லா முனையும் உள்ள மல்டிடூல், செயின் பிரேக்கர், 12 ஸ்பீடு இணைப்புக் கண்ணி இரண்டு, டயர் பிளக், ஒரு 29 அங்குல ட்யூப், பம்ப், ஒரு ஜோடி பிரேக் பேட், ஜிப் டை பத்து, மூன்று மீட்டர் கயிறு, முதலுதவிப் பை. ஹேங்கர் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு. உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவருடையது பொருந்தாது.

கூட்டமாகப் போகும் ஒழுங்கு

ஆறு பேருக்கு மேல் போனால் அது ஊர்வலம். ஆறு பேர் வரை ஒருவர் முகம் ஒருவருக்கு நினைவிருக்கும்.

பாதை தெரிந்தவர் முன்னால். அனுபவம் குறைந்தவர் அவருக்கு நேர் பின்னால், ஏனென்றால் முன்னவர் தொடும் தடத்தைப் பார்த்தே அவர் கற்றுக்கொள்வார். கடைசியில் போகிறவர் பம்பும் முதலுதவியும் வைத்திருக்கிற நல்ல கை. அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் வரும் வரை நில்லுங்கள். மலை மடிப்புகளில் போன் கிடைக்காது, தவறிப் போனவரைத் தேடக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்றத்தில் இடைவெளி மூன்று மீட்டர் போதும். இறக்கத்தில் பத்து மீட்டருக்குக் குறையக் கூடாது.

மின்சைக்கிளும் சாதாரணச் சைக்கிளும் கலந்த கூட்டம் என்றால் மின்காரர்கள் பின்னால் வர வேண்டும். முன்னால் போய் உச்சியில் காத்திருந்து, மற்றவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா" என்று எழுந்திருப்பதுபோல் நட்பை முறிக்கும் செயல் வேறில்லை. அவர்களுக்கும் பத்து நிமிடம் உட்காரக் கொடுங்கள்.

மலையில் ஏழே காலுக்கு முன் மரத்தடியில் கண் தெரியாது. ஏழரைக்கு மிதிக்க ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் பெரிய ஏற்றம் முடிந்துவிடும். இடி மேகம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு கட்டுவதால், ஒரு மணிக்குப் பாலிக் புலாவில் லக்சாக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதே நல்ல திட்டம். மேலே ஒரு கிளாஸ் ஜாதிக்காய் ஜூஸ், இந்த ஊருக்கு வந்து அதைக் குடிக்காமல் போவது தவறு.

ஏறுவது

மிதியை நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்றில் வைத்திருங்கள். கனமான கியரில் ஐம்பது சுற்றில் முக்கினால் மோட்டார் திணறிச் சூடாகும், பேட்டரி வீணாகும். சாய்வு கண்ணில் பட்டதுமே கியரைக் குறையுங்கள். ஏற்றத்துக்குள் நுழைந்த பிறகு மாற்றினால் காலின் பலமும் மோட்டாரின் பலமும் ஒரே கண்ணியில் விழும், 'டக்' என்ற சத்தத்தோடு செயின் அறுந்துவிடும். கட்டாயம் மாற்ற வேண்டுமானால் அரைச் சுற்று மிதியை மெதுவாக்கி, அந்த நேரத்தில் ஒரே ஒரு கியர்.

செங்குத்தில் இருக்கை முனைக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் முன் சக்கரம் தூக்கும்.

நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவதுதான் பலருக்கு வராது. இப்படிச் செய்யுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். மிக இலகுவான கியருக்கு அடுத்த கியர், மோடு டூர். டர்போவில் கிளம்பினால் பின் டயர் சுழலும், முன் சக்கரம் தூக்கும். ஒரு மிதியைக் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, இருக்கை முனையில் உட்கார்ந்து, அந்த மிதியில் எடை வைத்துக்கொண்டே பிரேக்கை விடுங்கள். முதல் அரைச் சுற்றை மோட்டார் முடித்துக்கொடுக்கும். இரண்டாவது கால் தானாக ஏறிவிடும். இரண்டு தடவை முயன்றும் வரவில்லையென்றால், தள்ளும்போது மோட்டார் உதவும் வாக் மோடில் தள்ளுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஷிமானோ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மேலே நின்று ஓய்வெடுக்கும்போது வண்டியை அணைத்துவிட்டு, பிறகு மிதியில் காலை வைத்தபடியே மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஆன் ஆகும் அந்த ஓரிரு வினாடியில்தான் மிதிக்கும் விசையை அளக்கும் டார்க் சென்சார் தன் சுழியத்தைக் குறித்துக்கொள்கிறது. உங்கள் கால் எடையைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டால் W013 என்ற எச்சரிக்கை திரையில் வரும், உதவி குறைந்துபோகும். காலை எடுத்துவிட்டு அணைத்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

இறங்குவது

25 கிலோ வண்டியும் 80 கிலோ ஆளும் 15 சதவீதச் சாய்வில் இறங்கும்போது அத்தனை ஆற்றலும் இரண்டு டிஸ்க்கில் சூடாகத்தான் போக வேண்டும். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்குக்கு ஆறவே நேரமில்லை. நேர்ப் பகுதியில் கொஞ்சம் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வேகத்தை விழவைத்து, மறுபடி விடுங்கள். பயந்தவர்கள் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பார்கள். பின் சக்கரம் பூட்டி வாலாட்டும், நிற்காது. உண்மையான பிடிப்பு முன் சக்கரத்தில்தான். ஒரு விரல் போதும், ஆனால் அந்த விரல் எப்போதும் லீவரில் இருக்க வேண்டும்.

கருகிய வாடை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ உடனே நில்லுங்கள். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஆத்திரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். விரலால் தொட்டும் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

உடல் நிலை எளிது: இருக்கையை டிராப்பரில் இறக்கி, இரண்டு மிதியும் தரைக்கு இணையாக, குதிகால் தாழ்த்தி, முழங்காலும் முழங்கையும் தளர்ந்து, பார்வை பத்து பதினைந்து மீட்டர் முன்னால். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். லோங்காங்கைப் பார்த்தால் லோங்காங்குக்கு.

தோட்டச் சிமெண்டுப் பாதையில் இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது பாசி. நிழல் விழும் வளைவுகளில் சிமெண்டு கரும்பச்சையாக இருக்கும். காய்ந்த நாளில் ஒன்றும் செய்யாது, அரை மணி தூறல் விழுந்தால் எண்ணெய் தடவின மாதிரி. பாசிக்கு வருமுன்னே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக உருண்டு போய்விடுங்கள்.

இரண்டாவது, பாதையின் விளிம்பு. மழை பக்கத்து மண்ணை அரித்துப் போனதால் சிமெண்டு ஒரு சாண் உயரத்தில் படி போல நிற்கும். முன் சக்கரம் அதிலிருந்து மண்ணுக்கு நழுவிவிட்டால், கை தானாகவே மேலே ஏறத் திருப்பும். டயரின் பக்கம் விளிம்பில் உரசும், சக்கரம் ஏறாது, ஆள் சிமெண்டுக்கு மேல் பறப்பார். நழுவினால் நழுவியபடியே மண்ணில் நேராகப் போய் நின்று, இறங்கி, வண்டியைத் தூக்கி வையுங்கள்.

குருட்டு வளைவுகளில் இடது ஓரமாக, மணி அடித்துக்கொண்டு. எதிரே இரண்டு கூடை நிறையப் பழத்தோடு வரும் மோட்டார் சைக்கிளால் உங்களுக்காக நிற்க முடியாது. ஏறுகிறவருக்குத்தான் வழி. நீங்கள் ஒதுங்குங்கள்.

வழியில் வரும் தொல்லைகள்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணி முடிக்க முடியவில்லையென்றால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மலை முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். சுவரில்லாத தோட்டத்துப் பொண்டோக் (குடிசை) மழைக்கு ஒதுங்கத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. தாழ்ந்த இடத்தில் வீடோ காடியோ தேடுங்கள்.

நாய் துரத்தினால் ஏற்றத்தில் அதை மோட்டாராலும் வெல்ல முடியாது. இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடங்கள். குரங்குகளுக்கு முன்னால் பிளாஸ்டிக் பையைத் திறக்காதீர்கள். காலில் கீறல் இருக்கும்போது ஓடையில் இறங்கிக் கழுவாதீர்கள், எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும். பாட்டில் தண்ணீரால் கழுவுங்கள்.

டயர் கிழிந்தால் பிளக், அது தாங்காவிட்டால் ட்யூப். உள்ளே ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுங்கள். டீரெய்லர் முறிந்தால் செயினைச் சுருக்கி ஒரே கியரில் கட்டலாம், ஆனால் மோட்டாரை ஈக்கோவுக்கு மேல் போடாதீர்கள். பேட்டரி தீர்ந்துவிட்டவரைச் சமதரையில் மூன்று மீட்டர் கயிற்றில் இழுத்து வரலாம். இறக்கத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

விழுந்தவர் தலையில் அடிபட்டு, கேட்டதையே திரும்பக் கேட்டால் அவர் மறுபடி ஓட்டக் கூடாது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் எவ்வளவு சொன்னாலும். 999 அழையுங்கள். ஒருவர் கீழே சாலைக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட வேண்டும், ஏனென்றால் தோட்டப் பாதைகளுக்குப் பெயரில்லை. போன் கிடைத்த இடத்திலேயே இருப்பிடத்தைக் குழுவில் அனுப்பிவையுங்கள். பாலிக் புலாவ் மருத்துவமனை டவுனுக்கு அருகில்தான்.

வீடு வந்த பிறகு

செம்மண் காய்ந்தால் சிமெண்டு மாதிரி. அன்றே கழுவுங்கள். வண்டியை அணைத்து, பேட்டரியை அதன் இடத்திலேயே விட்டு, சார்ஜ் துவார மூடியை அழுத்தி மூடி, சாதாரணத் தோட்டக் குழாயால் மெதுவாக. மோட்டார் உயர் அழுத்தக் கழுவலுக்குச் செய்ததல்ல, அழுத்தத் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டிப் போகும். அடுத்த சில வாரத்தில் மிதிக்கும்போது கரகரக்க ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். செயினைத் துடைத்துக் காயவைத்து, ஈரவகை எண்ணெய் கண்ணிக்கு ஒரு துளி, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பேட் போச்சு.

பேட்டரி சூடாக இருக்கும்போது சார்ஜில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும், 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அடுத்த வாரம் போகப் போவதில்லையென்றால் 30-க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்தி, மெத்தை, திரைச்சீலை, வாசல் வழி இவற்றிலிருந்து தள்ளி, கீழே விழாத இடத்தில் வையுங்கள். விழுந்து அடிபட்ட பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கடையில் காட்டும் வரை அதைச் சார்ஜ் செய்யாதீர்கள்.